காரீயமும் களிமண்ணும்: கையடக்க ஓவிய ஏட்டுக்கு ஏற்ற எழுதுகோலின் வரலாறு

சட்டைப்பையில் அடங்கும் சிறிய ஓவிய ஏட்டில் வரைவதற்கு எந்தப் பென்சில் அல்லது பேனா ஏற்றது என்பது இன்று எழுதுபொருள் கடையில் நின்றபடியே தீர்த்துக்கொள்ளக்கூடிய சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், அதற்கு விடை காண ஓவியர்களும் தச்சர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் வேதியியலாளர்களும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உழைத்திருக்கின்றனர். ஓவியக்கூடத்தின் மேசையில் விரித்த பெரிய தாளுக்கு உதவும் கருவி, வழியில் நின்றும் வண்டியில் இருந்தும் வரையப்படும் கையடக்க ஏட்டுக்கு உதவுவதில்லை. அந்த ஏடு தன் எழுதுகோலிடம் நான்கு பண்புகளை எதிர்பார்க்கிறது: பையில் கிடக்கும்போது எதுவும் சிந்தலாகாது, எடுத்த மாத்திரத்தில், எந்த ஆயத்தமும் இன்றி எழுத வேண்டும், உள்ளங்கையளவுப் பக்கத்துக்குப் பொருந்தும் மெல்லிய கோட்டைத் தர வேண்டும், ஏட்டை மூடியபின் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றோடொன்று உரசினாலும் அந்தக் கோடு கலையாதிருக்க வேண்டும்.

இந்நான்கையும் குறைவின்றி நிறைவேற்றிய கருவி எக்காலத்திலும் இருந்ததில்லை என்பதும், ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பண்பைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுத்தே வந்திருக்கிறது என்பதும் இந்த வரலாற்றில் தெளிவாகப் புலப்படுகின்றன. அதனினும் முக்கியமானது, ஓவியன் தனக்கு வேண்டிய கருமையையும் கடினத்தையும் தானே தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலை மிகப் பிற்காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உருவாயிற்று என்பதாகும். அதுவரை மலை எதைத் தந்ததோ அதைக்கொண்டே அவன் வரைந்தான்.

வெள்ளி முனையின் காலம்

பென்சில் தோன்றுவதற்கு முன்னர், வெளியில் சென்று வரைந்த ஐரோப்பிய ஓவியர்கள் பயன்படுத்திய கருவிகளில் தலையாயது உலோக முனைக் கோல் ஆகும். வெள்ளி அல்லது ஈயம் போன்ற மென்மையான உலோகத்தாலான கூர்முனையைக் கைப்பிடி ஒன்றில் பொருத்தி அது செய்யப்பட்டது. சாதாரணத் தாளில் வெள்ளி முனை ஏறக்குறைய எந்தத் தடமும் பதிப்பதில்லை. ஆகவே தாளின்மீதோ பலகையின்மீதோ எலும்புச் சாம்பலைப் பசையில் குழைத்துப் பூசி, சற்றே சொரசொரப்பான பரப்பை முதலில் உருவாக்க வேண்டியிருந்தது. அந்தப் பரப்பு உலோகத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்து எடுத்துக்கொள்ள, மெல்லிய சாம்பல்நிறக் கோடு உருவாகும். காற்றுப்பட்டு நாளடைவில் வெள்ளி மங்கும்போது கோடும் பழுப்பு நிறம் பெறும்.

1400ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் ஓவியத்தொழில் கையேடு ஒன்றை எழுதிய சென்னினோ சென்னினி, மாணவன் தன் பயிற்சியை எதில் தொடங்க வேண்டும் என்பதை மிக நுணுக்கமாக விளக்குகிறார். சாண் அகலமுள்ள சிறிய பாக்ஸ் மரப் பலகையை நன்கு இழைத்துக்கொண்டு, கோழியின் எலும்புகளை வெண்ணிறமாகும்வரை நெருப்பில் சுட்டு, அவற்றை மாவாக அரைத்து, அந்த மாவில் அரை அவரைக்கொட்டையினும் குறைந்த அளவை எடுத்து எச்சிலில் குழைத்துப் பலகையெங்கும் தேய்த்து, காய்வதற்குள் உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்த வேண்டும் என்பது அவர் கூறும் முறை. ஒரு கோடு இழுப்பதற்கு முன்பே இத்தனை வேலை இருந்தது.

ஆயினும் ஒருமுறை ஆயத்தம் செய்துவிட்டால், கையடக்க ஏட்டுக்கு இதனினும் ஏற்ற கருவி அன்று வேறில்லை. வெள்ளி முனை சிந்துவதில்லை, எளிதில் உடைவதில்லை, அடிக்கடி கூர்தீட்டப்பட வேண்டியதில்லை. அதன் கோடு உரசலால் கலைவதும் இல்லை. தெருவில் மக்கள் பேசுவதையும் சண்டையிடுவதையும் சிரிப்பதையும் அவர்கள் அறியாதவாறு கவனித்து உடனுக்குடன் குறித்துக்கொள்ள, எலும்புத்தூள் பூசிய சிறிய ஏட்டை ஓவியன் எப்போதும் தன்னுடன் வைத்திருக்க வேண்டும் என்று லியோனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் அறிவுறுத்தினார். அவ்வேட்டில் வரைந்ததை அழிக்க முடியாது என்பதையே அவர் நன்மையாகக் கருதினார். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1520, 1521 ஆண்டுகளில் நெதர்லாந்துப் பகுதிகளில் மேற்கொண்ட பயணத்தில் வெள்ளிமுனை ஏடு ஒன்றை உடன் கொண்டுசென்றார். பின்னாளில் தனித்தனித் தாள்களாகப் பிரிந்து பல அருங்காட்சியகங்களுக்குச் சென்றுவிட்ட அப்பக்கங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு காட்சிகள் ஒரே பக்கத்தில் நெருங்கி அமைந்திருப்பதைக் காணலாம். ஆயத்தப்படுத்திய தாள் எத்துணை அருமையாகக் கருதப்பட்டது என்பதை உணர இதுவே போதும்.

இக்கருவியின் குறைகளும் வெளிப்படையானவை. எவ்வளவு அழுத்தினாலும் அதன் கோடு ஓரளவுக்கு மேல் கருப்பதில்லை. ஆழ்ந்த நிழலைக் காட்ட வேண்டுமாயின் நூற்றுக்கணக்கான கோடுகளை அடுக்க வேண்டும். பூசிய பக்கங்கள் தீர்ந்துபோனால் வழியில் வேறு ஏடு கிடைப்பதும் அரிது. 1633ஆம் ஆண்டில் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் தம் மணப்பெண் சாஸ்கியாவை வெள்ளி முனையால் வரைந்த காலத்திலேயே அது அருகிவரும் கருவியாக மாறியிருந்தது. அதன் இடத்தைப் பிடிக்கவந்த பொருள் இங்கிலாந்தின் வடமேற்கில் இருந்த ஒரு மலைச்சரிவில் கிடைத்தது.

போரோடேல் மலையின் கரும்பொருள்

கம்பர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த போரோடேல் பள்ளத்தாக்கில், சீத்வெயிட் என்னும் சிற்றூருக்கு மேலே உள்ள மலையில், 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பளபளப்பான கரிய பொருள் ஒன்று கட்டிகட்டியாகக் கிடைப்பது தெரியவந்தது. அவ்வூரார் அதனை வாட் என்று அழைத்தனர். புயலில் வேரோடு சாய்ந்த மரத்தின் அடியில் அது தென்பட்டது என்றும், இடையர்கள் தம் ஆடுகளுக்கு அடையாளமிட அதைப் பயன்படுத்தினர் என்றும் செவிவழிச் செய்திகள் வழங்குகின்றன. அது ஈயத்தின் ஒரு வகை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1779ஆம் ஆண்டில் சுவீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே அதில் ஈயம் சிறிதும் இல்லை, அது கரிமத்தின் ஒரு வடிவமே என்று மெய்ப்பித்தபின், 1789இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஆபிரகாம் வெர்னர் அதற்கு கிராஃபைட் என்று பெயரிட்டார். தமிழில் அது காரீயம் எனப்படுகிறது.

காரீயம் தாளில் எழுதுவது அதன் உள்ளமைப்பால் ஆகும். கரிம அணுக்கள் மெல்லிய தகடுகளாக அமைந்து, ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் உறுதியாகப் பிணைந்தும், தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே தளர்வாக ஒட்டியும் இருக்கின்றன. ஆகவே தாளின் இழைகளில் உராயும்போது, சீட்டுக்கட்டில் மேல்சீட்டு வழுக்கி விழுவதைப்போல, மேற்தகடுகள் நழுவி இழைகளில் தங்கிவிடுகின்றன. இதற்கு எலும்புத்தூள் பூச்சு தேவையில்லை; எந்தத் தாளும் போதும். இலேசாகத் தொட்டால் இளஞ்சாம்பலும் அழுத்தினால் கருமையும் கிடைப்பதால், ஒரே கோட்டில் ஒளியையும் நிழலையும் காட்ட முடிந்தது. வேண்டாத கோட்டை ரொட்டித் துணுக்கால் துடைத்து எடுக்கவும் இயன்றது. 1770ஆம் ஆண்டுவாக்கில் இலண்டனில் எட்வர்ட் நெய்ர்ன் என்ற கருவி வணிகர் இரப்பர்த் துண்டுகளை இதற்கென விற்கத் தொடங்கியதை அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி பதிவு செய்திருக்கிறார்.

உலகின் பிற இடங்களில் காரீயம் பெரும்பாலும் தூளாகவோ செதிலாகவோ, மண்ணும் கல்லும் கலந்தோ கிடைக்க, போரோடேலில் மட்டும் இரம்பத்தால் அறுத்து நீண்ட குச்சிகளாக்கும் அளவுக்குக் கெட்டியான, தூய கட்டிகளாகக் கிடைத்தது. அறுத்த குச்சிகள் கையைக் கறைப்படுத்தியதால், அவற்றைக் கயிற்றாலோ ஆட்டுத்தோலாலோ சுற்றினர். உலோகப் பிடியில் செருகினர். பின்னர் மரத்துக்குள் பொதிந்தனர். 1565ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து அறிஞர் கொன்ராட் கெஸ்னர் புதைபடிவங்களையும் கனிமங்களையும் பற்றி வெளியிட்ட நூலில், மரப்பிடியில் பொருத்திய இத்தகைய எழுதுகோலின் படம் இடம்பெற்றுள்ளது. களத்தில் கண்ட பொருள்களை உடனே வரைந்துகொள்ள வேண்டியிருந்த இயற்கை ஆய்வாளர் ஒருவரின் நூலில் பென்சிலின் தொடக்ககாலப் படம் காணப்படுவது இயல்பே.

காரீயத்துக்கு வேறொரு பெரும்பயனும் இருந்தது. கடும் வெப்பத்தையும் தாங்கும் இயல்புடையதால், பீரங்கிக் குண்டுகளை வார்க்கும் அச்சுகளின் உட்புறத்தில் அது பூசப்பட்டது. ஆகவே சீத்வெயிட் சுரங்கம் காவலுக்கு உட்பட்டது. வேலை முடிந்து வெளியேறும் தொழிலாளர்கள் சோதிக்கப்பட்டனர். விலை சரியாதிருக்கச் சில காலம் மட்டும் தோண்டிவிட்டுப் பின்னர் நீண்ட காலம் சுரங்கம் மூடப்பட்டது. 1752இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காரீயத் திருட்டைக் கடுங்குற்றமாக்கித் தனிச் சட்டமே இயற்றியது. ஓவியன் தன் பையில் வைத்திருந்த குச்சி, போர்க்கருவித் தொழிலோடு போட்டியிட்டுப் பெறப்பட்ட பொருளாக இருந்தது.

கலப்படத்தின் நூற்றாண்டுகள்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் பென்சில் செய்வது தனித்தொழிலாக உருப்பெற்றது. 1662ஆம் ஆண்டின் நகர ஆவணங்களில் பிரீடரிக் ஸ்டெட்லர் பென்சில் செய்பவராகக் குறிக்கப்படுகிறார்; 1761இல் அருகிலுள்ள ஷ்டைன் என்னும் ஊரில் காஸ்பர் ஃபாபர் தொடங்கிய பட்டறை பின்னாளில் உலகறிந்த நிறுவனமாக வளர்ந்தது. ஆனால் இக்கைவினைஞர்களுக்குப் போரோடேலின் கட்டிகள் எளிதில் கிடைக்கவில்லை. தமக்குக் கிடைத்த தூளைக் கந்தகத்துடன் சேர்த்து உருக்கி, ஆறியபின் குச்சிகளாக அறுத்தனர். இத்தகைய குச்சி கரகரப்பாக எழுதும், தாளைக் கீறும், எளிதில் நொறுங்கும். நெருப்பில் காட்டினால் நீலச்சுடருடன் எரிந்து கந்தக நெடி வீசும் என்பதால், தூய காரீயத்திலிருந்து அதைப் பிரித்தறியவும் முடிந்தது.

இக்காலத்தில் நல்ல பென்சிலைத் தேர்ந்தெடுப்பது என்பது கலப்படமற்ற பென்சிலைக் கண்டுபிடிப்பது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. தூயதே கிடைத்தாலும் அதன் கருமை எவ்வளவு, கடினம் எவ்வளவு என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒரே கட்டியின் ஒரு பகுதி மென்மையாகவும் மறுபகுதி கடினமாகவும் இருக்கக்கூடும். மெல்லிய கோடு வேண்டிய கட்டட வரைஞரும் ஆழ்ந்த நிழல் வேண்டிய நிலக்காட்சி ஓவியரும் ஒரே பொருளைக்கொண்டு தத்தம் தேவையைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

கான்டே கண்ட கலவை

1793ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் இடையே மூண்ட போர் இந்நிலையை மாற்றியது. பிரான்சுக்கு ஆங்கிலக் காரீயம் வருவது நின்றுபோகவே, பொறியாளர்களுக்கும் படைத்துறை வரைஞர்களுக்கும் பென்சில் தட்டுப்பாடு ஏற்பட்டது. போர்ப் பொறுப்பிலிருந்த லாசார் கார்னோ, மாற்றுவழி காணும் பணியை நிக்கோலா ஜாக் கான்டேயிடம் ஒப்படைத்தார். 1755இல் நார்மண்டியில் பிறந்த கான்டே முதலில் உருவப்பட ஓவியராக வாழ்ந்தவர். பின்னர் வேதியியலிலும் பறக்கும் பலூன்களிலும் ஈடுபட்டு, ஹைட்ரஜன் சோதனை ஒன்றில் இடக்கண்ணை இழந்தவர். வரைகருவியின் தேவையை ஓவியராகவும், பொருளின் இயல்பை வேதியியலாளராகவும் அறிந்த ஒருவரிடம் அப்பணி சென்றது பென்சிலின் நற்பேறாக அமைந்தது.

1795இல் அவர் காப்புரிமை பெற்ற முறை கருத்தளவில் எளியது. தரங்குறைந்த காரீயத்தை மிக நுண்ணிய தூளாக அரைத்து மாசகற்ற வேண்டும். கல்லும் மணலும் நீங்கக் கழுவித் தெளியவைத்த களிமண்ணை அத்துடன் சேர்க்க வேண்டும். இரண்டையும் நீரில் பிசைந்து, மரப்பலகையில் வெட்டிய ஒடுங்கிய காடிகளில் அழுத்திக் குச்சிகளாக்க வேண்டும். மெல்ல உலர்த்தியபின், காற்றுப் புகாத கலத்தில் அடுக்கிச் சூளையில் சுட வேண்டும். சூளையில் களிமண் இறுகி, பீங்கானைப் போன்ற வலைப்பின்னலாகிக் காரீயத் துகள்களைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. பிற்காலத்தில் காடிகளுக்குப் பதிலாகத் துளைவழியே பிசைமாவைப் பிதுக்கும் பொறிகளும், சுட்ட குச்சிகளை மெழுகில் தோய்த்து வழுவழுப்பாக்கும் பழக்கமும் சேர்ந்தனவேயன்றி, அடிப்படை முறை இன்றுவரை மாறவில்லை.

இதன் விளைவு கான்டேயிடம் கேட்கப்பட்டதைவிடப் பெரியது. அவரிடம் ஆங்கிலக் காரீயத்துக்கு ஒரு மாற்றுப்பொருளே கேட்கப்பட்டது. அவர் அளித்ததோ விரும்பிய தரத்தில் பென்சில் செய்யும் ஆற்றல். களிமண்ணைக் கூட்டினால் குச்சி கடினமாகிக் கோடு வெளிறும், கூர் நீடிக்கும். காரீயத்தைக் கூட்டினால் குச்சி மென்மையாகிக் கோடு கருக்கும், கூர் விரைவில் மழுங்கும். ஒருமுறை செய்த கலவையை மறுமுறையும் அதே விகிதத்தில் செய்யலாம் என்பதால், ஓவியன் தனக்குப் பழகிய கோட்டை மீண்டும் மீண்டும் விலைகொடுத்து வாங்க முடிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் வியன்னாவில் ஜோசப் ஹார்ட்முத்தும் களிமண் கலந்து பென்சில் செய்யத் தொடங்கினார். அமெரிக்காவின் கன்கார்ட் நகரில் தந்தையின் பென்சில் பட்டறையில் பணியாற்றிய எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, 1840களில் காரீயத்தை நுண்ணிதாக அரைக்கும் முறையையும் களிமண் கலவையையும் செம்மைப்படுத்தி, கடினத்துக்கேற்ப எண்ணிட்ட பென்சில்கள் அங்கிருந்து வெளிவர வழிசெய்தார்.

தர எழுத்துகளும் உலகச் சந்தையும்

கலவையைக் கட்டுப்படுத்த முடிந்ததும் அதைப் பெயரிட்டுக் கூற வேண்டிய தேவை எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பென்சில் தொழிலில் கடினமானவற்றுக்கு எச் என்ற எழுத்தும் கருமையானவற்றுக்கு பி என்ற எழுத்தும் வழங்கலாயின. இரண்டுக்கும் நடுவிலுள்ளது எச்.பி. ஆயிற்று, எச்.பி.க்கும் எச்சுக்கும் இடைப்பட்டதாக எஃப் என்ற தரம் அமைந்தது. எழுத்துக்கு முன் நிற்கும் எண் கூடக் கூட அப்பண்பும் கூடும். 2பி பென்சில் கேட்பவர் உண்மையில் களிமண்ணும் காரீயமும் எந்த அளவில் கலந்திருக்க வேண்டும் என்பதையே கேட்கிறார். ஆயினும் இத்தரங்களுக்கு எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொது அளவுகோல் இல்லாததால், ஒரு நிறுவனத்தின் பி மற்றொன்றின் 2பி போல எழுதுவது இன்றும் இயல்பாக உள்ளது.

1839இல் ஷ்டைன் ஊரின் குடும்பத் தொழிலை ஏற்ற லோதர் ஃபாபர், பென்சில்களின் நீளத்தையும் தடிப்பையும் தரத்தையும் ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றின்மீதும் நிறுவனப் பெயரைப் பொறித்தார். போலிகளைத் தடுக்க வணிகக்குறிச் சட்டம் வேண்டி 1874இல் ஜெர்மானிய நாடாளுமன்றத்துக்கு மனு அளித்தவரும் அவரே. போரோடேல் வளம் வற்றிவந்த நிலையில், சைபீரிய மலையொன்றில் ஜான் பியர் அலிபேர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்த உயர்தரக் காரீயத்தைப் பெறும் உரிமையை 1856இல் லோதர் ஃபாபர் தமதாக்கிக்கொண்டார். ஹார்ட்முத் நிறுவனமோ 1890ஐயொட்டி, கோஹினூர் வைரத்தின் பெயரைச் சூட்டி, மஞ்சள் பூச்சிட்ட பென்சில்களைப் 17 தரங்களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவற்றின் புகழுக்குப்பின் பல நாடுகளில் மஞ்சள் நிறமே நல்ல பென்சிலின் அடையாளமாகக் கருதப்படலாயிற்று.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் தமிழகத்துக்கும் பங்குண்டு. கேகாலை மாவட்டத்தின் போகலையிலும் குருநாகல் மாவட்டத்தின் கஹடகஹவிலும் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகப் படிந்துள்ள காரீயம் உலகின் மிகத் தூய காரீய வகைகளுள் ஒன்றாகும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் முக்கிய ஏற்றுமதிப் பொருள்களுள் அது இடம்பெற்று, முதல் உலகப்போரின்போது உச்சத்தை எட்டியது. உலோகம் உருக்கும் மூசைகளுக்கே அதில் பெரும்பங்கு சென்றது. சிவகங்கை மாவட்டத்தில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுக்கும் செதில் காரீயமும் பெரும்பாலும் வெப்பந்தாங்கும் பொருள்களுக்கே பயன்படுகிறது. சீத்வெயிட்டில் குண்டு வார்ப்பவர்களுக்கும் ஓவியர்களுக்கும் இடையே இருந்த போட்டி, ஏதோ ஒரு வடிவில் காரீயம் கிடைத்த இடமெல்லாம் தொடர்ந்தது.

பென்சிலின் மறுபாதி மரம். கத்தியால் சீவும்போது பிளவுபடாமலும் எதிர்க்காமலும் விட்டுக்கொடுக்கும் மரமே இதற்கு வேண்டும்; அமெரிக்கச் செஞ்சிடார் இதில் சிறந்து விளங்கியதால் பெருமளவில் வெட்டப்பட்டு அருகியது, அதன் இடத்தைக் கலிபோர்னியாவின் நறுமணச் சிடார் பெற்றது. இந்தியாவில் இன்று காஷ்மீரின் புல்வாமா மாவட்டத்தில் வளரும் பாப்லர் மரச் சட்டங்கள் பென்சில் தொழிலுக்குப் பேரளவில் செல்கின்றன. பயண ஓவியனுக்கு இது சிறு செய்தியன்று. உள்ளே குச்சி நடுவில் அமையாவிட்டாலோ, மரம் முறுகியிருந்தாலோ, எத்துணை நல்ல கலவையாயினும் சீவும்போதே முனை ஒடியும்.

ஏடுகளில் பென்சில் செய்த பணி

தரமறிந்த பென்சில் கிடைத்த காலமும் கையடக்க ஏடு ஐரோப்பிய ஓவியத்தின் மையத்துக்கு வந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1813, 1814 ஆண்டுகளில் தம் சொந்த ஊர்ப்பகுதியில் பென்சிலால் வரைந்த இரு சிற்றேடுகள் இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் 1813ஆம் ஆண்டு ஏடு ஏறத்தாழ 9 செ.மீ. உயரமும் 12 செ.மீ. அகலமும் மட்டுமே உடையது. அவ்வளவு சிறிய பரப்பில் ஏர்பூட்டிய குதிரைகளும் ஆற்றங்கரைப் படகுகளும் வேலிகளும் மரங்களும் நெருங்கி நிற்கின்றன. இக்குறிப்புகளிலிருந்து அவர் பின்னாளில் பெரிய நிலக்காட்சி ஓவியங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

அவர் காலத்தவரான டர்னர் நாட்டுக்கு விட்டுச்சென்ற செல்வத்தில் ஏறத்தாழ 300 ஓவிய ஏடுகள் அடங்கும். அவற்றில் பெரும்பகுதி பென்சில் குறிப்புகளே. 1819இல் நேப்பிள்ஸ் நகரில் இருந்தபோது, வெளியில் ஒரு வண்ண ஓவியம் தீட்டும் நேரத்தில் 15 அல்லது 16 பென்சில் வரைவுகளை முடித்துவிடலாம் என்று அவர் கூறியதாக உடனிருந்த ஒருவர் கடிதத்தில் பதிவு செய்துள்ளார். 1832இல் மொராக்கோவுக்குச் சென்ற பிரெஞ்சு ஓவியர் டெலக்குரோவா, பென்சிலாலும் பேனாவாலும் விரைந்து கோடிட்டு, வண்ணம் தீட்ட நேரமில்லாத இடங்களில் அந்தந்த நிறத்தின் பெயரைச் சொல்லாக எழுதிவைத்தார். விரைவு என்பது கையடக்க ஏட்டின் உயிர்ப்பண்பு என்பதையும், பென்சில் அதற்கு எவ்வாறு இடங்கொடுத்தது என்பதையும் இவ்வேடுகள் மெய்ப்பிக்கின்றன.

அதே கருவியைக்கொண்டு நேர்மாறான விளைவுகளையும் பெறலாம் என்பதற்கு வேறு இரு ஓவியர்கள் சான்றாவர். உரோம் நகரில் வாழ்ந்த காலத்தில் அங்குவந்த பயணிகளின் உருவங்களை வரைந்து வருவாய் ஈட்டிய ஆங்ர், வழுவழுப்பான தாளில் கடினமான, நன்கு கூர்தீட்டிய பென்சிலைப் பயன்படுத்தி, துணியின் மடிப்பையும் கண்ணிமையின் விளிம்பையும் மயிரிழைக் கோடுகளில் தந்தார். 1883இல் வான் கோ தம் ஓவிய நண்பர் வான் ராப்பார்டுக்கு எழுதிய கடிதத்தில், ஃபாபர் நிறுவனத்தின் தடித்த, மென்மையான பென்சிலின் கருமையைப் புகழ்ந்துரைத்தார். தச்சர்களின் பட்டைப் பென்சிலையும் அவர் விரும்பிக் கையாண்டார். கான்டேக்கு முன் இவ்விருவரும் ஒரே மலையின் கட்டியிலிருந்து தத்தம் கோட்டைப் பெற முயன்றிருக்க வேண்டும். அவருக்குப்பின் ஒவ்வொருவரும் தமக்குரியதை நாடிச் செல்ல முடிந்தது.

மையின் நெடும்பயணம்

பேனாவின் கோடு பென்சிலினும் உறுதியானது. உலர்ந்துவிட்டால் உரசலில் கலைவதில்லை. ஆனால் இறகுப் பேனாவுக்கு மைக்கூடும் அடிக்கடி முனை திருத்தும் கத்தியும் வேண்டும். வரைந்த பக்கம் உலரும்வரை ஏட்டை மூட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் ஆலைகள் எஃகு முனைகளைப் பெருவாரியாகச் செய்தபோதும் மைக்கூட்டின் தொல்லை நீங்கவில்லை. 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற ஊற்றுப்பேனா, மையைத் தன்னுள் சுமந்து சீராகக் கசியவிட்டதன்மூலம் அக்குறையைப் பெருமளவு போக்கியது. எனினும் நீர்பட்டாலும் கரையாத கரி மையை அதில் நிரப்பினால் நுண்வழிகள் அடைபட்டன. அடைக்காத சாயமையோ நீர்வண்ணம் தீட்டியதும் கரைந்து பரவியது. கோட்டின்மேல் வண்ணம் பூச விரும்பிய ஓவியர்களுக்கு இந்த முரண்பாடு நெடுநாள் தீரவில்லை.

20ஆம் நூற்றாண்டில் இதற்குப் பல திசைகளிலிருந்து விடை வந்தது. லஸ்லோ பிரோ 1938இல் காப்புரிமை பெற்ற பந்துமுனைப் பேனா, பசைபோன்ற எண்ணெய் மையைச் சிறு உருண்டையால் தாளில் உருட்டியது. மலிவும் எளிமையும் வாய்ந்த அது அழுத்தத்துக்கேற்பச் சாயலும் தந்தது, ஆனால் அதன் சாயம் வெளிச்சத்தில் வெளிறக்கூடியது. 1953இல் ரோட்ரிங் நிறுவனம் கொண்டுவந்த ராபிடோகிராஃப், குழாய்முனை வழியே ஒரே தடிப்புள்ள கோட்டைத் தந்து வரைபட அலுவலகங்களில் நிலைபெற்றது. சற்றுக் காலம் பயன்படுத்தாதிருந்தால் உலர்ந்து அடைபடும் குறை அதற்கிருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சகுரா நிறுவனம் வெளியிட்ட பிக்மா வகைப் பேனாக்கள், சாயத்துக்குப் பதிலாக நுண்ணிய நிறமித் துகள்களைக் கொண்ட மையை மெல்லிய நார்முனையில் தந்தன. உலர்ந்தபின் நீரில் கரையாமலும் வெளிச்சத்தில் வெளிறாமலும் நிற்கும் கோடு அவ்வாறு சட்டைப்பைக்குள் வந்துசேர்ந்தது.

பென்சிலும் அதே பையின் தேவைக்கேற்ப மாறிக்கொண்டிருந்தது. கூர்தீட்டும் தேவையை ஒழிக்க 1822இல் ஜான் ஐசக் ஹாக்கின்ஸும் சாம்ப்சன் மோர்டனும் இலண்டனில் காப்புரிமை பெற்ற உலோகப் பென்சில், மெல்லிய குச்சியைத் திருகி முன்தள்ளியது. களிமண் கலவையை மிக மெலிதாக்கினால் அது ஒடிந்ததால், களிமண்ணுக்குப் பதிலாகப் பிசின் சேர்த்துச் சுட்ட குச்சிகளை ஜப்பானின் பென்டெல் நிறுவனம் 1960இல் உருவாக்கியபின்னரே 0.5 மி.மீ. தடிப்பு நடைமுறைக்கு வந்தது. அத்தகைய குச்சி எப்போதும் ஒரே தடிப்பில் எழுதும். மரப்பென்சிலைச் சாய்த்துப் பிடித்து அகன்ற நிழல் இடும் வசதியை அது தருவதில்லை.

தேர்வு என்னும் பேறு

இவ்வரலாறு இன்றைய ஓவியருக்குத் தரும் வழிகாட்டுதல் நடைமுறை சார்ந்தது. முதலில் பார்க்க வேண்டியது ஏட்டின் தாள். சொரசொரப்பான தாள் காரீயத்தை விரைவாக அரைத்து எடுத்துக்கொள்வதால், அதில் 4பி, 6பி போன்ற மென்மையானவை விரைவில் மழுங்குவதோடு, ஏடு பையில் அசையும்போது எதிர்ப்பக்கத்தில் கரிய நிழலாக அப்பிக்கொள்ளும். மெல்லிய தாளில் 2எச் போன்ற கடினமானவை பள்ளம் கீறி, மறுபக்கத்தையும் கெடுக்கும். உள்ளங்கையளவு ஏட்டுக்கு எச்.பி., பி, 2பி ஆகிய நடுத்தரங்களே பெரும்பாலும் பொருந்துகின்றன. கோட்டின்மேல் நீர்வண்ணம் பூசுவோருக்கும் நெடுநாள் ஏட்டைச் சுமந்து திரிவோருக்கும் நிறமி மைப் பேனா ஏற்றது; ஒளியும் நிழலும் ஒரே கோட்டில் வேண்டுவோருக்குப் பென்சிலுக்கு இணையானது இன்னும் இல்லை. கடையில் முனையைத் தாளில் ஓட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், தம் ஏட்டின் ஒரு பக்கத்தில் அடர்த்தியாக நிழலிட்டு, ஏட்டை மூடி, ஒருநாள் பையில் வைத்திருந்து திறந்து பார்ப்பது எந்த விளம்பரத்தையும்விட நம்பத்தக்க சோதனையாகும்.

விலையுயர்ந்த கருவியைத் தேடுவதைவிட, தம் கைக்கும் தாளுக்கும் பொருந்தும் தரத்தை அறிந்துகொண்டு அதிலேயே நிலைப்பது பயன்தரும். டூரருக்கு வெள்ளியின் ஒரே சாயலும், போரோடேல் காலத்து ஓவியருக்கு மலை தந்த காரீயமுமே வாய்த்தன. அவர்கள் அந்த எல்லைக்குள் தம் கையைப் பழக்கிக்கொண்டனர். கருவியைக் கைக்கேற்பத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பை ஒரு போர்க்காலத் தட்டுப்பாடும், ஓவியராக இருந்து வேதியியலாளரான ஒருவரின் உழைப்பும் சேர்ந்து பின்வந்தோருக்குப் பெற்றுத்தந்தன. ஒரு சில ரூபாய்க்குக் கிடைக்கும் பென்சிலின் முனையில் பொறித்த தர எழுத்தைப் படித்து, அதன் பொருளறிந்து வாங்குவதே அந்த உழைப்புக்குச் செய்யும் தகுந்த மரியாதையாகும்.